ஆறு கிராம் பாம்பு

கோடை விடுமுறைக்குப் பள்ளிக்கூடம் மூடிய அன்று பின்னேரம், ஒரு சின்னப் பிளாஸ்டிக் தொட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, லண்டன் ஹரோவில் நாங்கள் வாடகைக்கு இருந்த மாடி வீட்டின் படிகளில் ஏறினேன். தொட்டிக்குள் ஒரு பாம்புக்குட்டி இருந்தது. பென்சிலைவிட மெல்லிய உடம்பு. சாம்பல் நிறத்தின் மேல் செம்மண் நிறத் திட்டுகள். நீட்டி வைத்தால் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். நஞ்சில்லாத இனம். அமெரிக்காவில் சோளக் களஞ்சியங்களைச் சுற்றி எலி பிடித்துத் திரிகிற பாம்பாம். இங்கே அதைச் செல்லப்பிராணியாக வளர்க்கிறார்கள். நான் தூக்கி வந்த குட்டி மூன்று கிழமையாக எதையும் சாப்பிடவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நாங்கள் லண்டனுக்கு வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் ஏழு வருடம் விலங்கியல் படிப்பித்தவள் நான். இங்கே அந்தப் படிப்பு செல்லாது என்றார்கள். சில வருடம் ஒரு கடையில் நின்றுவிட்டு, கடைசியில் வீட்டிலிருந்து நடக்கக்கூடிய தூரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வுகூட உதவியாளர் வேலை கிடைத்தது. சோதனைக் குழாய் கழுவுவது, நுணுக்குக்காட்டி துடைப்பது, அமிலம் கலந்து வைப்பது. ஒரு வருடத்துக்கான தற்காலிக வேலை. செப்டெம்பரில் நீட்டிப்பதா இல்லையா என்று பார்ப்பார்கள்.

விடுமுறைக்கு மூன்று கிழமை முன்பு ஒரு மாணவியின் தகப்பன் அந்தக் குட்டியைப் பள்ளிக்குக் கொடுத்தார். முட்டையிலிருந்து வந்த பிறகு ஒருமுறை சாப்பிட்டது என்று சொல்லித்தான் கொடுத்தார். அதன் பிறகு சாப்பிடவில்லை. விஞ்ஞானப் பகுதித் தலைவி நல்ல மனுசி. குடும்பத்தோடு ஆறு கிழமை வெளியூர் போக இருந்தார். ஒருநாள் என் மேசைக்கு வந்து, "நீங்கள் விலங்கியல் படிப்பித்தவர்தானே. உங்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும்" என்றார்.

எனக்குத் தெரிந்த பாம்புகள் எல்லாம் போத்தலுக்குள் ஃபோமலினில் சுருண்டு கிடந்தவை. விலா எலும்பின் அமைப்பைக் கரும்பலகையில் கீறுவேன். தாடை எலும்புகள் எப்படிப் பிரிந்து இரையை விழுங்கும் என்று பிள்ளைகளுக்கு விளக்குவேன். உயிருள்ள ஒரு பாம்பை வாழ்நாளில் தொட்டதில்லை. ஆனால் செப்டெம்பரை நினைத்துக்கொண்டு, "ஓம், பிரச்சினை இல்லை" என்று சொல்லிவிட்டேன்.

என் கணவர் அப்போது ஒரு பேரங்காடியின் சாமான் கிட்டங்கியில் வேலை செய்தார். அதிகாலை ஷிப்ட், பின்னேரம் மூன்று மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவார். நான் தொட்டியோடு உள்ளே போனபோது தேத்தண்ணிக் கோப்பையோடு கதிரையில் இருந்தார்.

"அதென்ன, மீனோ?" என்று கேட்டார்.

"இல்லை. பள்ளிக்கூடத்துச் சாமான். ஆறு கிழமைக்குத்தான்."

எழும்பி வந்து குனிந்து பார்த்தார். பிறகு கோப்பையைக் கையிலெடுத்துக்கொண்டே பின்பக்கமாக நடந்து குசினி வாசல் வரைக்கும் போய் நின்றார்.

"உமக்கென்ன விசரே? பாம்பை வீட்டுக்குள்ள கொண்டு வந்திருக்கிறீர்!"

"நஞ்சில்லாததப்பா. கடிச்சாலும் ஒண்டும் நடக்காது."

"நஞ்சு கிஞ்செண்டு நான் கேட்டனானோ? உது நிக்கிற அறைக்குள்ள நான் வரமாட்டன். சொல்லிப்போட்டன்."

அப்படியே செய்தார். படுக்கையறைக்குப் பக்கத்தில் பெட்டிகள் வைக்கிற சின்ன அறை ஒன்று இருந்தது. தொட்டியை அங்கே ஒரு மேசைமேல் வைத்து, அடியில் பள்ளி தந்த சூடேற்றும் விரிப்பைப் போட்டேன். அந்த அறைக் கதவைத் தாண்டும்போதெல்லாம் அவர் மறுபக்கச் சுவரோடு ஒட்டி நடந்தார்.

பாம்பைவிட அதன் சாப்பாடுதான் பெரிய பிரச்சினையானது. பிறந்து ஓரிரு நாளான, மயிர் முளைக்காத எலிக்குஞ்சுகள். விரல் நுனியளவு. இளஞ்சிவப்பு. கண் திறக்காதவை. செல்லப்பிராணிக் கடைகளில் உறையவைத்து விற்பார்கள். எங்கள் வீடு சைவம். கணவர் முட்டைகூடத் தொடமாட்டார். எலிக்குஞ்சுகளைப் அலுமினியத் தாளில் சுற்றி, ஒரு மாஜரின் டப்பாவுக்குள் போட்டு, ஃப்ரீசரின் அடியில் ஒளித்து வைத்தேன். அதே மாதிரியான டப்பாவில்தான் துருவிய தேங்காய்ப்பூவும் வைத்திருந்தேன் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மூன்றாம் நாள் அவர் சம்பல் இடிக்க வெளிக்கிட்டார். குசினியிலிருந்து சத்தமே வரவில்லை. போய்ப் பார்த்தேன். டப்பாவைத் திறந்து வைத்தபடி நின்றார்.

"இதென்னப்பா இது?" என்றார், மிக மெதுவாக.

சொன்னேன். அவர் கத்தவில்லை. டப்பாவை மூடினார். மேசை லாச்சியிலிருந்து பழுப்பு நிற ஒட்டுத்தாளை எடுத்து அதை மூன்று சுற்றுச் சுற்றினார். மேலே பேனையால் 'பள்ளிக்கூடம்' என்று தமிழில் பெரிதாக எழுதினார். பிறகு இரண்டு நாளாகப் பாணும் ஜாமும் மட்டும் சாப்பிட்டார். என்னோடு கோபித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அந்த ஃப்ரீசரிலிருந்து எதையும் எடுக்கவில்லை.

இவ்வளவு பாடுபட்டு வைத்திருந்த சாப்பாட்டைப் பாம்பு திரும்பியும் பார்க்கவில்லை. குஞ்சை இளஞ்சூட்டு நீரில் போட்டு உறைவு நீங்கவிட்டு, இடுக்கியால் பிடித்து அதன் முகத்துக்கு முன்னால் ஆட்டினேன். தலையைப் பின்னுக்கு இழுத்து எஸ் வடிவில் மடிந்து, வாலைத் துடிக்கவிட்டு, இடுக்கியைக் கொத்திவிட்டு ஓடியது. அது பசியில் கொத்துகிற கொத்து இல்லை, பயத்தில் கொத்துகிற கொத்து என்று எனக்கே தெரிந்தது. இன்னொரு நாள் குஞ்சைத் தொட்டிக்குள் வைத்துவிட்டு வந்தேன். விடியப் பார்த்தால் அது காய்ந்து சுருங்கிக் கிடந்தது. பாம்பு கடதாசித் துண்டுக்கு அடியில் மறுமூலையில் சுருண்டிருந்தது. நூலகத்தில் எடுத்த புத்தகம் சொன்னபடி குஞ்சைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி மணத்தைப் போக்கிக் கொடுத்தேன். தொட்டியின் சூட்டைக் கூட்டினேன், குறைத்தேன். புத்தகத்தில் இன்னொரு வழியும் இருந்தது: குஞ்சைப் பல்லியின் உடம்பில் தேய்த்துக் கொடுத்தால் சில குட்டிகள் சாப்பிடுமாம். ஊரில் மின்குமிழ் எரிகிற சுவரெல்லாம் பல்லிதான். லண்டனில் பல்லிக்கு எங்கே போவேன்?

பள்ளியிலிருந்து ஒரு சின்னத் தராசையும் கொண்டு வந்திருந்தேன். முதல் நாள் நிறுத்தபோது ஆறு கிராம் இருந்தது. பத்து நாளில் ஐந்தரையானது. ஆறு கிராம் என்பது ஒரு பெரிய மேசைக்கரண்டியில் அரைவாசிகூட வராத தண்ணீர். அதில் அரை கிராம் போய்விட்டது என்றால் எனக்கு நித்திரை வரவில்லை. காலையில் எழும்பியதும் முதலில் அந்த அறைக்குத்தான் போவேன். மூடியைத் திறப்பேன். விரலால் மெல்லத் தொடுவேன். நாக்கை நீட்டினால்தான் எனக்கு மூச்சு வரும். கையில் எடுக்கும்போது முதுகெலும்பு ஒரு நூல் மாதிரி விரலில் தட்டுப்படத் தொடங்கியிருந்தது. எப்போது தொடப் பழகினேன், எப்போது பயம் போனது என்றுகூட எனக்கு ஞாபகமில்லை. ஒரு பயம் போய் வேறொரு பயம் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது.

அந்த வீட்டில் அந்தக் கோடையில் இன்னொரு காத்திருப்பும் இருந்தது. கணவரின் தம்பி யாழ்ப்பாணத்தில் இருந்தார். சண்டையால் ஊரில் தொலைபேசி இல்லை. கொழும்புக்கு வந்துதான் அழைப்பு எடுக்கவேண்டும். கொழும்புக்கு வெளிக்கிடுகிறேன் என்று அவர் எழுதிய கடிதம் வந்து ஆறு கிழமை ஆகியிருந்தது. வெளிக்கிட்டாரா, வழியில் நிற்கிறாரா, ஒன்றும் தெரியாது. நடைவழியில் ஒரு முக்காலிமேல் எங்கள் தொலைபேசி இருந்தது. கணவர் வேலையால் வந்தால் கதிரையைத் திருப்பி, அது கண்ணில் படுகிற மாதிரி வைத்துக்கொண்டுதான் இருப்பார். குளிக்கப் போகும்போது, "மணி அடிச்சா உடன எடும், என்ன?" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். அவர் ஒரு கதவுக்கு வெளியிலும் நான் இன்னொரு கதவுக்கு உள்ளேயும் காவலிருந்தோம்.

ஓகஸ்ட் தொடங்கியபோது, எலிக்குஞ்சு விற்கும் கடைக்காரர் ஒரு தொலைபேசி இலக்கத்தைக் கடதாசியில் எழுதித் தந்தார். வடக்கு லண்டனில், எட்மண்டனில் ஒரு பெண் இருக்கிறார், இந்த இனப் பாம்புகளைக் குஞ்சு பொரிக்க வைக்கிறவர், அவரைக் கேளுங்கள் என்றார். கேட்டேன். அவர் கதைத்த வேகத்துக்குப் பாதிதான் விளங்கியது. ஆனால் 'கொண்டு வாங்கோ' என்றது விளங்கியது.

ஐஸ்கிரீம் டப்பா ஒன்றில் துளைகள் போட்டு, ஈரக் கடதாசி விரித்து, குட்டியை உள்ளே விட்டு, துணிப்பையில் வைத்து மடியில் ஏந்தியபடி ரயிலேறினேன். இரண்டு நிலையங்கள் தாண்டியதும் எங்கள் பக்கத்துத் தமிழ் அன்ரி ஒருவர் ஏறி என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தார். நான் பையைப் பிடித்திருந்த பக்குவத்தைப் பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, கோயிலுக்கோ? பொங்கலோ உது?" என்று கேட்டார்.

"இல்லை அன்ரி. ஒரு ஆளுக்குக் குடுக்கிற சாமான்."

"சூடா இருக்கோ? தாரும், நான் கொஞ்ச நேரம் வைச்சிருக்கிறன்."

"வேண்டாம் அன்ரி, ஊத்துப்பட்டுடும்."

அவர் இறங்கும் வரைக்கும் நான் மூச்சை முழுதாக விடவில்லை. பாம்பென்று சொல்லியிருந்தால் அந்தப் பெட்டியில் என்ன நடந்திருக்கும் என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

எட்மண்டன் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். பல் வைத்தியரிடம் உதவியாளராக வேலை செய்தார். வீட்டுச் சின்ன அறை ஒன்றில் சுவரோடு தட்டுத்தட்டாகப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பாம்பு. டப்பாவைத் திறந்து குட்டியை எடுத்து, ஒரு நோயாளியின் வாயைப் பார்ப்பதுபோல ஒரு சின்ன டோர்ச் பிடித்து வாயைப் பார்த்தார். வயிற்றைத் தடவினார். வாலடியைப் பார்த்தார்.

"நோய் எதுவும் இல்லை" என்றார். "ஒரு நாளைக்கு எத்தனை தரம் திறந்து பார்க்கிறீர்கள்?"

நான் எண்ணிப் பார்த்தேன். "ஆறு, ஏழு தரம்."

"நிறுப்பது?"

"ஒவ்வொரு நாளும்."

அவர் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. "உங்களைவிடப் பத்தாயிரம் மடங்கு பெரிய ஒன்று ஒரு நாளைக்கு ஏழு தரம் உங்கள் வீட்டுக் கூரையைப் பிரித்து உங்களைத் தூக்கினால் நீங்கள் சாப்பிடுவீர்களா?"

எனக்கு முகம் சுட்டது. அவர் அதைக் கவனியாத மாதிரி மற்ற விசயங்களைச் சொன்னார். ஏழு நாள் திறக்கக்கூடாது. தொட்டியைச் சுற்றித் துணி போடவேண்டும். எட்டாம் நாள் ஒரு சின்ன டப்பாவுக்குள் பாம்பையும் குஞ்சையும் ஒன்றாக விட்டு மூடி, இருட்டில் வைத்துவிட்டு விலகிப் போய்விடவேண்டும். அவரிடம் ஒரு பல்லி இருந்தது; அது உரித்த தோலில் ஒரு துண்டையும் பொலித்தீன் பையில் போட்டுத் தந்தார். அதைக் குஞ்சின்மேல் தேய்க்கச் சொன்னார்.

"அதற்கும் சாப்பிடாவிட்டால்?"

"ஐந்து கிராமுக்குக் கீழே போனால் வாயில் வைத்துவிடத்தான் வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உடம்பைத் தாங்க, மற்றவர் வாயில் வைக்க." எப்படி என்று ஒரு இறப்பர் குழாயைப் பாம்பாக வைத்துச் செய்துகாட்டினார். குஞ்சின் மூக்கால் பாம்பின் வாயை மெல்ல அழுத்தித் திறந்து, தலையை மட்டும் உள்ளே விடவேண்டும். பற்கள் பின்னோக்கி வளைந்திருப்பதால் மாட்டிக்கொள்ளும். "அதன் பிறகு அசையவே கூடாது. சிலைபோல நிற்கவேண்டும். நீங்கள் அசைந்தால் துப்பிவிடும். ஐந்து நிமிடமும் ஆகலாம், அரை மணியும் ஆகலாம். வீட்டில் யாராவது உதவிக்கு இருக்கிறார்களா?"

இருக்கிறார் என்றேன்.

திறக்காமல் இருந்த அந்த ஏழு நாள்தான் எல்லாவற்றிலும் கொடுமை. செய்வதற்கு ஏதாவது இருந்தால் மனம் அதில் போகும். ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் வேலை என்றால் என்ன செய்வது? அந்த அறைக் கதவில் கை வைப்பேன், எடுப்பேன். நாலாம் நாள் கதவைத் திறந்தேவிட்டேன். துணியை விலக்கப் போனபோது பின்னால் குரல் கேட்டது.

"ஏழு நாள் எண்டெல்லோ சொன்னவ?"

கணவர் நடைவழியில், சுவரோடு ஒட்டியபடி நின்றார்.

"உயிரோட இருக்கோ எண்டு மட்டும் பாக்கிறன்."

"பாத்தா உயிர் வருமோ? வாரும் இஞ்சால."

வந்தேன். அவர் எட்டிக் கை நீட்டிக் கதவுப்பிடியை இழுத்துச் சாத்தினார். அந்தக் கதவை அவர் தொட்டதை அன்றுதான் கண்டேன்.

எட்டாம் நாள் பல்லித் தோல் தேய்த்த குஞ்சோடு டப்பாவில் விட்டு, ஒரு இரவு முழுதும் வைத்தேன். காலையில் மூடியைத் திறந்தபோது குஞ்சு கொஞ்சம் நகர்ந்திருந்தது. அவ்வளவுதான். நிறுத்தேன். நாலு புள்ளி எட்டு கிராம். குட்டியின் கழுத்துக்குப் பின்னால் தோல் மடிந்து கிடந்தது. கையில் வைத்தால் சுற்றிப் பிடிக்கிற பிடி தளர்ந்திருந்தது. செப்டெம்பரும் வேலையும் அந்த நேரத்தில் என் நினைவில் இருக்கவில்லை. இதை நான்தான் கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

மூன்று மணிக்கு அவர் வந்தார். சப்பாத்தைக் கழற்றும்போதே கேட்டேன்.

"எனக்கு ஒரு உதவி வேணும். கையை மட்டும் தந்தாப் போதும்."

அவருக்கு உடனே விளங்கிவிட்டது. "என்னால ஏலாது" என்றார்.

"வேற ஆரைக் கேப்பன்?"

"கீழ் வீட்டு மனுசியைக் கேளும்."

"இண்டைக்கு விட்டா நாளைக்கு இராது அப்பா."

அவர் கழற்றிய சப்பாத்துகளைச் சுவரோரமாக நேராக வைத்தார். பிறகு எழும்பிக் குசினிக்குப் போய்க் கையைக் கழுவினார். ஏதோ பூசைக்குக் கழுவுவதுபோல முழங்கை வரை கழுவினார். "அந்த எலியை நான் தொடமாட்டன்" என்றார்.

"நீங்கள் பாம்பை மட்டும் பிடியுங்கோ."

"பாம்பை மட்டும்" என்று அவர் திருப்பிச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

அறைக்குள் வந்து, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து நீட்டினார். குட்டியை அதில் வைத்தேன். ஒரு துடிப்புத் துடித்தார், கையை எடுக்கவில்லை. கண்ணைத் திறந்தார். "குளிரும் எண்டு நினைச்சன்" என்றார். "குளிரேல்லை."

நான் இடக்கைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் தலையைப் பிடித்து, வலக்கை இடுக்கியால் குஞ்சை வாயில் அழுத்தினேன். திறக்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். திறந்தது, தலையை உள்ளே விட்டேன், விரலை எடுத்தேன். குட்டி தலையை ஒரு உதறு உதறித் துப்பியது. குஞ்சு அவருடைய மணிக்கட்டில் விழுந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "எடும், எடும்" என்றார். எடுத்தேன். திரும்பவும். துப்பியது. மூன்றாம் தரமும் துப்பியது. இதற்கு மேல் செய்தால் வாயில் காயம் வரும் என்று அந்தப் பெண் எச்சரித்திருந்தார். இன்னும் ஒரேயொரு தரம் என்று நினைத்துக்கொண்டு வைத்தேன். மெல்ல இடுக்கியைத் தளர்த்தினேன். விரலை எடுத்தேன்.

துப்பவில்லை. எலிக்குஞ்சின் தலை வாய்க்குள்ளும் உடம்பு வெளியேயுமாக, அவருடைய உள்ளங்கையில் அப்படியே கிடந்தது. நாங்கள் இரண்டு பேரும் அசையவில்லை. யன்னலுக்கு வெளியே ஆரோ புல் வெட்டுகிற சத்தம் கேட்டது. என் இடுக்கி காற்றில் நின்றது. அதைக் கீழே இறக்கவும் பயம்.

அப்போதுதான் தொலைபேசி அடித்தது.

அவர் தலையை அசைக்கவில்லை. கண்கள் மட்டும் என்னைப் பார்த்தன. "தம்பி" என்றார், உதட்டால் மட்டும்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான் போயிருக்கலாம். என் கையில் இடுக்கி மட்டும்தான். ஆனால் மேசைக்கும் சுவருக்கும் இடையில் நான் நின்ற இடத்திலிருந்து அவரை இடிக்காமல் வெளியே வர வழியில்லை. "விடுங்கோ" என்று கிசுகிசுத்தேன். "மேசையில விட்டுட்டுப் போங்கோ. பரவாயில்லை." மனதாரத்தான் சொன்னேன். பாதி மனதோடு சொன்னேன் என்றும் சொல்லலாம்.

அவர் விடவில்லை. அவருடைய நெற்றியில் வியர்வை கோடாக இறங்கியது. மணி நின்றது. வீடே ஓட்டையான மாதிரி ஒரு அமைதி. ஒரு நிமிடம் இருக்கும். திரும்பவும் அடித்தது. இந்தமுறை இன்னும் நீளமாக. அவர் உதடு துடித்ததைக் கண்டேன். முழங்கை அசைந்தது, உள்ளங்கை அசையவில்லை. பிறகு அதுவும் நின்றது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. குட்டியின் கீழ்த்தாடை ஒரு பக்கம் முன்னே நகர்ந்தது. பிறகு மறுபக்கம். கரும்பலகையில் நான் எத்தனையோ தரம் கீறிக்காட்டிய அதே அசைவு. இடம், வலம், இடம். எலிக்குஞ்சின் தோள் உள்ளே போனது. வயிறு போனது. கடைசியில் ஒரு சிவந்த கால் மட்டும் வெளியே தெரிந்து, அதுவும் மறைந்தது. கழுத்தில் ஒரு புடைப்பு மெல்ல இறங்கிக்கொண்டு போனது.

அவர் குட்டியைத் தொட்டியில் தானே இறக்கி வைத்தார். துணியைப் போட்டார். பிறகு நேராக நடைவழிக்குப் போய், தொலைபேசிக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் போனேன்.

"இப்ப ஒண்டும் கதைக்காதையும்" என்றார்.

அன்று முழுதும் மணி அடிக்கவில்லை. அடுத்த நாளும் அடிக்கவில்லை. கொழும்பில் ஊராட்கள் தங்குகிற லொட்ஜ் ஒன்றுக்கு எடுத்துக் கேட்டார். அப்படி ஒருவர் வரவில்லை என்றார்கள். இன்னொரு லொட்ஜுக்கு எடுத்தார், இணைப்பே கிடைக்கவில்லை. தம்பி எங்கோ ஒரு கடையில் காசு கட்டி, வரிசையில் நின்று, இரண்டு தரம் எடுத்துப் பார்த்து, ஒருவரும் எடுக்கவில்லை என்று வைத்துவிட்டுப் போகிற காட்சி எங்கள் இருவர் மனதிலும் ஓடிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு மேசையில் நாங்கள் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. ஒரு பாம்புக்காக அந்த மணியை அடிக்க விட்டோம் என்று ஆருக்குத்தான் சொல்லமுடியும்?

மூன்றாம் நாள் பின்னேரம் கேட்டேன். "ஏன் நீங்கள் அதை விட்டுட்டுப் போகேல்லை?"

அவர் யோசித்துத்தான் சொன்னார். "போய் எடுத்து, அது தம்பியா இல்லாட்டி? ரெண்டும் போயிருக்கும். இது ஒண்டாவது கையில இருந்தது." பிறகு, "நான் சரியாச் செய்தனோ தெரியேல்லை" என்றார்.

எனக்கும் தெரியவில்லை. இன்னொரு பயமும் இருந்தது. சாப்பிட்ட குட்டி திருப்பிக் கக்கிவிட்டால் அதோடு முடிந்தது என்று எட்மண்டன் பெண் சொல்லியிருந்தார். ஆனால் துணியை விலக்க இந்தமுறை நான் போகவில்லை. நாலாம் நாள் காலை பார்த்தபோது தொட்டி மூலையில் ஒரு சின்னக் கறுப்பு எச்சம் கிடந்தது. அதைக் கண்டு நான் அழுதேன். கணவர் கதவு வாசலில் நின்று, "செரிச்சிட்டுதோ?" என்று கேட்டார்.

தம்பியின் தொலைபேசி ஒன்பதாம் நாள் வந்தது. கொழும்பிலிருந்துதான். கணவர் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எப்ப வந்தனீ? எப்ப வந்தனீ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். முதல் நாள்தான் வந்திருந்தார். வழியில் காய்ச்சலோடு ஒரு வீட்டில் மூன்று கிழமை கிடந்தாராம். அப்படியானால் அன்று எடுத்தது அவர் இல்லை. ஆர் என்று பிறகும் தெரியவரவில்லை. பிழையான இலக்கமாக இருக்கலாம். யாரோ எதையோ விற்க எடுத்திருக்கலாம். கதைத்து முடித்து ரிசீவரை வைத்ததும் அவர் நெடுநேரம் முகத்தை மூடிக்கொண்டு இருந்தார். நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். அதைக் குடித்துவிட்டு எழும்பிப்போய், அந்தச் சின்ன அறையின் கதவைத் திறந்து, கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றுவிட்டு வந்தார்.

இரண்டாம் தரமும் அவருடைய கையில் வைத்துத்தான் ஊட்டினோம். அப்போது ஒரு தரம்தான் துப்பியது. மூன்றாம் தரம் இடுக்கியில் பிடித்துக் காட்டியபோது குட்டி கொஞ்ச நேரம் நாக்கை நீட்டி நீட்டி முகர்ந்தது. பிறகு ஒரே பாய்ச்சலில் பிடித்துச் சுற்றிக்கொண்டது. நான் கத்திய கத்தில் கீழ் வீட்டு மனுசி மேலே வந்து என்ன நடந்தது என்று கேட்டார்.

செப்டெம்பரில் தொட்டியைத் திரும்பப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். குட்டி எட்டு கிராம் இருந்தது. விஞ்ஞானப் பகுதித் தலைவி வெயிலில் சிவந்த முகத்தோடு வந்து பார்த்தார். "ஆகா, நன்றாக இருக்கிறதே. கரைச்சல் ஒன்றும் தரவில்லையே?" என்றார்.

"இல்லை" என்றேன்.

வேலையை நீட்டித்தார்கள். பாம்பு காரணமா, நான் சோதனைக் குழாய்களை ஒழுங்காகக் கழுவியது காரணமா என்று எனக்குத் தெரியாது. பிறகு பகுதிநேரமாகப் படித்து, அதே பள்ளியில் படிப்பிக்கவும் தொடங்கினேன். பாம்பு அந்த ஆய்வுகூடத்தில் பல வருடம் இருந்தது.

அடுத்த வருடம் பெற்றோர் வருகிற பின்னேரம் ஒன்றில் கணவரும் என்னோடு வந்தார். குட்டி அப்போது ஒரு முழத்துக்கு மேல் வளர்ந்து, செம்மஞ்சளில் பளபளவென்று இருந்தது. தலைவி அதைத் தூக்கி அவரிடம் நீட்டினார். "இவர்தானே அன்றைக்கு உதவி செய்தவர்" என்றார். அதற்குள் நான் அவருக்கு முழுக் கதையும் சொல்லியிருந்தேன். கணவர் இரண்டடி பின்னால் போய், கைகளைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். எனக்குப் பாம்பென்றால் பயம் என்று ஆங்கிலத்தில் மரியாதையாகச் சொன்னார். பிறகு என் பக்கம் குனிந்து தமிழில் கேட்டார்:

"கிழமைக்கு எத்தினை தரம் குடுக்கிறீர்? மெலிஞ்ச மாதிரிக் கிடக்கு."